ஏழு குழாயும் ஒரு ஸ்வெட்டரும்

கட்டபெட்டில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கருங்கல் தடுப்புச் சுவர் இருக்கிறது. சுவருக்கு மேலே யாரோ ஒருவருடைய தேயிலைத் தோட்டம், கீழே எங்கள் பின்னறை. சுவரில் வரிசையாக ஏழு பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். இது மலையில் பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் நேராக என் விறகுக் கட்டின்மேல் கொட்டியது. பழைய ஸ்வெட்டர் ஒன்றைக் கிழித்து ஏழு குழாயையும் வெளியே தெரியாதபடி உள்ளே தள்ளி இறுக்கி அடைத்தேன். விறகு நன்றாகக் காய்ந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன், வேறு யாரும் மெச்சியதில்லை என்பதால்.

அந்த வருட மழையில் சுவருக்குத் தொப்பை விழுந்துவிட்டது.

மனைவிதான் முதலில் பார்த்தாள். "ஏனுங்க, செவுரு நம்மளப் பாத்து நடந்து வருதுங்க!"

பின்னறையில்தான் அவளும் கைக்குழந்தையும் படுப்பார்கள். அன்றைக்கே கட்டிலை முன்னறைக்கு இழுத்தோம். அதன் பிறகு வாசல் கதவு பாதிதான் திறந்தது. என் தொப்பையோடு பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. யாருக்கும் தெரியாமல் துணியைப் பிடுங்கியும் பார்த்தேன். ஊறி உப்பிப்போய் அசையவில்லை.

வீட்டுக்காரர் ஊட்டி பஜாரில் கம்பளிக் கடை வைத்திருக்கும் பாய். போன் பண்ணுவதற்கு முன்னால் அக்ரிமெண்டை எடுத்தேன். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன், தேயிலைக் கொழுந்து வண்டி ஓட்டுகிறவன். மனைவிதான் படித்தாள்.

"சுவர், கூரை ஆகிய கட்டுமானப் பழுதுகளை உரிமையாளரே சரிசெய்ய வேண்டும்."

"அப்பிடிப் போடு! நம்ம பக்கம் சட்டம் இருக்குது."

"வாடகைதாரரால் ஏற்படும் சேதத்துக்கு வாடகைதாரரே பொறுப்பு."

"அதெல்லாம் எதுக்கு இப்ப? மடிச்சு வை."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்க எதுக்கு முழிக்கிறீங்க?"

"குளுருதுங்க அம்மணி," என்றேன். நான் அவளுக்கு மரியாதை கொடுத்தாலே ஏதோ தப்பு பண்ணியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

போன் பண்ணிய மறுநாளே பாய் வந்துவிட்டார், கூடவே ஒரு மேஸ்திரி. நான் வாசலிலேயே மறித்து, கோர்ட்டில் நிற்கிறவன் மாதிரி ஆரம்பித்தேன். "செவுரு ஓனரு கடமைங்க பாய். அக்ரிமெண்டுல இருக்குது."

"நான் எப்ப இல்லைன்னேன்? கட்டினவனையே கையோட கூட்டியாந்துருக்கேன். நகரு, பாக்கட்டும்."

சண்டைக்குப் பாதி ராத்திரி ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் வீண்.

சுவரைப் பார்த்ததும் பாய் மேஸ்திரிமேல் பாய்ந்தார். "இதுதான் நீ கட்டின லட்சணமா? குழந்தை இருக்கிற ஊடுய்யா! இனி என்ற ஊட்டுப் பக்கம் வராத. வேற ஆளை வெச்சுக் கட்டிக்கிறேன்."

மேஸ்திரிக்கு முகம் செத்துப்போனது. "பாய், கல்லு மேல சத்தியம். தண்ணி போக ஏழு பைப்பு வெச்சுத்தான் கட்டுனேன். எப்பிடி இப்பிடி ஆச்சுன்னு தெரியலீங்க."

தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாம். அக்ரிமெண்டின் பதினொரு மாதம் முடிய இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. கைக்குழந்தையோடு இந்த மழையில் எங்கே போய் வீடு தேடுவது? ஆனால் மேஸ்திரி தலையைத் தொங்கப்போட்டுப் படியேற ஆரம்பித்துவிட்டார்.

"பாய்," என்றேன். குரல் பூனை மாதிரி வந்தது. "பைப்புல சளி புடிச்சிருக்குது. நான்தான் ஸ்வெட்டர் போட்டு அடைச்சு உட்டேன்."

மேஸ்திரி திரும்பி வந்து கம்பியால் ஒன்றைக் குத்தி இழுத்தார். துணி வந்தது. பின்னாலேயே செம்மண் தண்ணீர் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது. பாய் துணியைப் பிழிந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நம்ம கடைச் சரக்குடா இது! உனக்குன்னு கொறைச்சுக் குடுத்தேனே!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "செவுத்துக்கு ஸ்வெட்டர் போட்டுருக்கீங்க. உங்க குழந்தைக்கு ஒண்ணு வாங்க ரோசனை வரலை."

பாய் துணியைக் கீழே போட்டார். அப்புறம் மேஸ்திரியின் தோளில் கை வைத்தார். "தப்பா பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத." என் பக்கம் திரும்பினார். "செவுரு என்னுது, நான் கட்டித் தரேன். அடைப்பு உன்னுது. வேலை முடியற வரைக்கும் வண்டிக்கு லீவு போட்டுட்டு இவருக்குச் சித்தாளா நில்லு."

எட்டு நாள் கல் சுமந்தேன். மேஸ்திரி என்னை "ஸ்வெட்டரு, கல்லு எடு" என்றுதான் கூப்பிட்டார்.

சுவர் முடிந்த வாரமே புது அக்ரிமெண்ட் வந்தது. காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்கிறது என்று பயந்தேன். இன்னொரு பதினொரு மாதம்தான். கடைசியில் மட்டும் பாய் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார். மனைவி சத்தமாகப் படித்தாள்: "வாடகைதாரர் எந்த ஓட்டையையும் உரிமையாளரைக் கேட்காமல் அடைக்கக் கூடாது."

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றாள்.

பேனாவை வாங்கி, அந்த வரிக்கு நேராக இன்னொரு கையெழுத்தும் சேர்த்துப் போட்டேன்.