தனிக்கு முன்னால் எழுந்தால் அடை

மயிலாப்பூர் சபாவில் கடைசி வரிசை ஓர நாற்காலி அந்த ரசிகருடையது. மயில்கண் வேட்டி, மடியில் லேப்டாப். அதன் மூடியிலேயே தாளம் போடுவார். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி ஹால் எழுந்து கேன்டீனுக்கு ஓடுமே, அந்தக் கூட்டத்தை எண்ணி எண்ணி, நேரவாரியாகக் கோடு ஏறி இறங்கும் ஒரு டாஷ்போர்டு செய்திருந்தார். தனி நேரத்தில் கேன்டீன் கோடு கோபுரமாய் நிற்கும். அதற்குச் சற்று முன்னால் தரையோடு தரை.

"ஓசி சாஃப்ட்வேர் சார். ஒரே தொந்தரவு, இதுல எதைப் போட்டாலும் ஊரே பாக்கும்" என்றார்.

"அப்புறம் உங்களுக்கு அடை மிஞ்சாதே?" என்றேன். சிரித்தபடி எனக்கும் லிங்க் அனுப்பினார்.

மறுநாள் தனிக்கு முன்பே நைசாக நழுவினேன். கேன்டீனில் நிற்க இடமில்லை. ஊரே அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தது. வெறுங்கையோடு திரும்பினால் ஹாலில் ஈ காக்காய் இல்லை. அவர் மட்டும் முன்வரிசைக்கு மாறி, கண்ணை மூடித் தனி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காலை மிதித்துக்கொண்டு ஓட ஒருவரும் இல்லை.

தனி முடிந்ததும் எழுந்து வந்தார். "இப்போ கேன்டீன் காலியா இருக்கும். வாங்கோ, சூடா அடை சாப்பிடலாம்."

டாஷ்போர்டு போட்டது மிருதங்கத்துக்கா, அடைக்கா? கேட்டிருக்கலாம். என் வாய் நிறைய அடை.