மாமாவின் காரும் இரண்டு தகடுகளும்

மாமாவின் கார் எங்கள் வீட்டு வளைவில் திரும்பும்போது போடும் கூச்சல் சமபுலா மேட்டில் பாதிப் பேருக்குக் கேட்கும். மாமாவைவிட வயதில் மூத்த பச்சை நிறக் கார் அது. எந்தக் காலத்திலோ இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. பிரேக்கை மிதித்தால் கிரீச்சென்று நீளமாக அலறும். அதைக் கேட்டதும் நான் புத்தகத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அம்மா டீக்குத் தண்ணீர் வைப்பாள். அப்பா மட்டும், "வந்துட்டாருய்யா கவர்னரு" என்று சலித்துக்கொள்வார்.

எங்கள் தீவின் பாராளுமன்றத்துக்குள் ராணுவம் நுழைந்து, இந்தியர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பத் தொடங்கிய வருடம் மாமா கடல் தாண்டி ஆக்லாந்துக்குப் போனார். "கொஞ்ச நாள்தான்" என்று சாவியை அப்பாவிடம் கொடுத்தார். கார் எங்கள் தகரக் கொட்டகையில் நின்றது.

மாமா மட்டுமா போனார்? எதிர்வீட்டார் போனார்கள், அடுத்த வீட்டார் போனார்கள். பள்ளியில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான் மட்டும் மிஞ்சினேன். டீச்சர் பழக்க தோஷத்தில் போனவர்களின் பெயரையும் கூப்பிட்டுவிடுவார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவார். நாய்களை யாராலும் கூட்டிப்போக முடியவில்லை. அவை பூட்டிய கேட்டுகளின் முன்னால் படுத்துக் கிடந்தன; எந்த வண்டி வந்தாலும் எழுந்து ஓடின. அம்மா அவற்றுக்கு மிச்சச் சோறும் மரவள்ளிக்கிழங்கும் போடுவாள். எனக்கும் விளையாட அவைதான் இருந்தன.

அப்பாவின் தமிழ் பாதி வாக்கியத்திலேயே ஹிந்திக்குத் தாவிவிடும். அம்மாவும் மாமாவும்தான் லவுத்தோக்காப் பக்கத்துக் கரும்புக்காட்டில் சேர்ந்து வளர்ந்தவர்கள், மூச்சு விடாமல் தமிழ் பேசுவார்கள். மாமா போனபின் அம்மா நாய்களிடம்தான் தமிழ் பேசினாள்.

ஒரு நாள் ஆக்லாந்திலிருந்து பார்சல் வந்தது. உள்ளே ஒரு கடிதமும் நான்கு பிரேக் பேட்களும், அவற்றோடு நான்கு மெல்லிய தகடுகளும் இருந்தன. ஒவ்வொரு தகட்டிலும் ஓர் அம்புக்குறி. கடிதம் தமிழில் இருந்தது. எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "எல்லாரையும் கேட்டிருக்கான்" என்றாள்.

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. திரும்பி வராதவர் எதற்கு பிரேக் வாங்கி அனுப்புகிறார்? அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமா வரப்போகிறார் என்று நாய்களுக்கெல்லாம் சொல்லிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பா சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். தகடு எதற்கு என்று கேட்டேன்.

"பேடுக்குப் பின்னாடி வெக்கணும். அம்பு, வண்டி முன்னாடி போறப்ப சக்கரம் சுத்துற பக்கம் பாக்கணும். இது இல்லாமத்தான் உங்க மாமா வண்டி ஊரெல்லாம் கத்திக்கினு திரிஞ்சுது. இனி சத்தமே வராது, பாரு."

சத்தம் வராவிட்டால் மாமா வருவது எப்படித் தெரியும்? வந்து, யாரும் ஓடி வராததைப் பார்த்து அப்படியே திரும்பிப் போய்விட்டால்? அப்பா கை கழுவப் போன நேரத்தில் இரண்டு தகடுகளை எடுத்து என் ஜாமெட்ரி பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

மறுநாள் காலை அப்பா ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைக் கழற்றினார். தேய்ந்த பேட்களை உருவினார். புதியது உள்ளே போக இடம் வேண்டும் என்பதால் பிஸ்டனை நெம்பிப் பின்னே தள்ளினார். இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கத்துக்குத் தகடு இல்லை. பார்சல் காகிதத்தை உதறினார், கொட்டகையைக் கூட்டினார், நாய்களைத் திட்டினார். கடைசியில் பழி மாமாவின் தலையில் விழுந்தது.

"உன் தம்பிக்கு நாலு வரைக்கும்கூட எண்ணத் தெரியலயா?" என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தினார். "சரி, டீக் ஹே. பிரேக் புடிக்கும், சத்தம்தான் வரும்" என்று தானே சமாதானமாகித் தகடு இல்லாமலே மாட்டினார். பெடலைப் பலமுறை மிதித்து இறுகியதா என்று பார்த்துவிட்டு, மெதுவாகக் காரை இறக்கத்தில் கொண்டுபோனார்.

நான் கேட்டின் மேல் ஏறி உட்கார்ந்து காத்திருந்தேன். சற்று நேரத்தில் வளைவில் அந்தச் சத்தம் கேட்டது. அதே கிரீச், அதே நீளம்.

நாய்கள் ஓடின. அவற்றுக்குப் பின்னால் அம்மா ஓடி வந்தாள். கையெல்லாம் ரொட்டி மாவு, ஒரு காலில்தான் செருப்பு. என்னைத் தாண்டிப் போய்க் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கே இறங்கிவிட்டாள். கார் வந்து நின்றது. உள்ளே அப்பா இருந்தார். அம்மா குனிந்து பக்கத்து இருக்கையையும் பார்த்தாள்.

"சத்தம் போகலயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று ரொட்டிகள் எல்லாம் ஒரு பக்கம் கருகியிருந்தன.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவே இப்படி ஓடுகிறாள் என்றால் மாமா வருவது உறுதியல்லவா!

அடுத்த வாரம் பக்கத்து ஊரான நசினுவிலிருந்து ஒருவர் வந்து காரை ஓட்டிப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போனார். மாமா வரும்வரை வண்டி துருப்பிடிக்காமல் இருக்க இரவல் கொடுத்திருக்கிறார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். கார் அலறிக்கொண்டே இறங்கிப் போனபோது, அம்மா அந்தப் புழுக்கத்திலும் அடுக்களை ஜன்னலைச் சாத்தினாள்.

சில வருடங்கள் கழித்து நாங்களும் கிளம்பினோம். அதற்குள் கோயில் வகுப்பில் நான் எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கக் கற்றிருந்தேன். புடவைகளைப் பெட்டியில் அடுக்கும்போது மாமாவின் கடிதம் கையில் கிடைத்தது.

"அக்கா, நான் இனிமே அங்க வர்றதா இல்ல. நீ அழாத. வண்டியச் சரி பண்ணி வித்துடச் சொல்லு. பிரேக் கத்துனா எவனும் வாங்க மாட்டான், அதான் தகடும் சேத்து அனுப்பியிருக்கேன்."

அந்த இரண்டு தகடுகளும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. ஒரு வாரம் முன்பே அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தவள்தான், அன்று மாவுக் கையோடு தெருவரை ஓடினாள்.