மொட்டையடிக்காத தகப்பனார்

உதவித்தொகையில் படிப்பது படிப்பன்று, உத்தியோகம். அதில் மேலதிகாரிகள் அதிகம், விடுப்பு கிடையாது. பிறர் பணத்தில் பட்டம் பெற்ற அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தகப்பனார் பணத்தில் படித்தவர்கள் சற்றுப் பொறுமையுடன் வாசிக்கவும்.

வேண்டுதல்

ஆந்திர மாநிலம் உருவாகி, மதராசுக்கும் அதற்கும் எல்லை எங்கே என்று இரு தரப்பும் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. புத்தூருக்குத் தெற்கே, எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாத ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. நாங்கள் தமிழ் பேசும் உழவர் குடும்பம். சித்தூரில் பள்ளியை முடித்த எனக்குத் திருப்பதியில் கணிதப் பட்டம் படிக்க மாநில உதவித்தொகை கிடைக்குமா என்று வீடே காத்திருந்தது. கிடைத்தால் தலைமுடி தருவதாகப் பெரியப்பா திருப்பதி மலையப்பனுக்கு வேண்டிக்கொண்டார், சித்தப்பாவும் வேண்டிக்கொண்டார், மூவரில் தாம் மட்டும் குறைந்து போகலாகாது என்று தாய்மாமனும் வேண்டிக்கொண்டார்.

உதவித்தொகை கிடைத்தது. என் தகப்பனார் மட்டும் வேண்டிக்கொள்ளவில்லை என்று அம்மா குறைப்பட்டாள். அவருக்கு அடர்ந்த சுருட்டை முடி. அதற்கு ஈடான மீசை. அவர் கடலைக் கொடியை உதறியபடியே சொன்னார்: "நான் பெருமாள்கிட்ட கறாராப் பேசிட்டேன். வேல முடிஞ்சாதான் கூலி. பாப்பா பட்டம் வாங்கட்டும், அப்பால குடுக்கறேன்."

காய்ச்சல்

உதவித்தொகை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் வேண்டும், மாணவியர் விடுதி வார்டனின் நன்னடத்தைச் சான்றும் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஊருக்குத் திரும்பி வேர்க்கடலை உரிக்க வேண்டியதுதான். ஆகவே நான் சிரிப்பதைக்கூட அளந்தே சிரித்தேன். வகுப்பில் எவருக்கும் விடை தெரியாத கேள்வி வந்தால் ஆசிரியர் என் பக்கம் திரும்புவார். விடை தெரிந்த கேள்விகளுக்கு அந்த மரியாதை இல்லை.

என் அறைத்தோழி சரோஜா, நாயுடுபேட்டை அரிசி வியாபாரியின் மகள். தேர்வு அட்டவணையைவிடச் சினிமாக் கொட்டகையின் அட்டவணையை நன்றாக அறிந்தவள். ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல். போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். அப்பாவைத் தெலுங்கில் நாயனா என்றழைக்கும் அவள், போர்வையை உருவிவிட்டுச் சொன்னாள்: "நான் படுத்தா எங்க நாயனாவுக்கு நஷ்டம், நீ படுத்தா கவர்மென்ட்டுக்கு நஷ்டம். லே, எழுந்திரு, கிளாஸுக்குப் போ."

முதல் தகப்பனார்

விடுதிக்குள் வர ஆடவர்களில் தகப்பனாருக்கு மட்டுமே அனுமதி. என்னைச் சேர்க்க வந்தவர் பள்ளித் தலைமையாசிரியை. தகப்பனார் அறுவடையை விட்டு வரவில்லை. ஆகவே அவரை விடுதியில் எவரும் கண்டதில்லை. அந்த நிலையில் பெரியப்பா மலையேறி, முடியிறக்கி, சந்தனம் பூசிய தலையும் நெற்றி நிறைய நாமமுமாகக் கீழே வந்தார். வந்தவர், தம் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க வருபவரைப்போல நேரே விடுதிக்கு வந்தார். வாசலில் காவலாளி முனிசாமி, "நீ இன்னா, நாயனாவா?" என்று கேட்க, அவர் சற்றும் தயங்காமல் "ஆமா" என்று சொல்லிவிட்டார்.

வார்டனம்மா தெலுங்கர். எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகக் கோபம் வந்தால் மட்டும் தமிழில் பேசுவார். வேற்று ஆடவர் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. உயர்ந்த தாழ்வாரத்தில் அவர் நிற்க, கீழே பெரியப்பா தலை வணங்கி நின்றார். வார்டனம்மா கண்டது முகத்தையல்ல, அந்தத் தலையைத்தான். "இவர் என் தகப்பனார் அல்லர், பெரியப்பா" என்று நான் உண்மையைச் சொன்னேன். வார்டனம்மா பெரியப்பாவின் மண் படிந்த காலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உடனே தமிழ் வந்தது: "ஸ்காலர்ஷிப் வந்ததும் பெத்த அப்பன் பெரியப்பனாயிட்டானா? வெட்கமா இல்ல உனக்கு?"

தணிக்கை

அடுத்த மாதம் சித்தப்பா வந்தார். அதே குடும்ப உயரம், புதிதாய் மழித்த தலை, அதே சந்தனம். உழவு முடிந்ததும் தாய்மாமன் வந்தார். வார்டனம்மாவுக்கு மூன்று தலையும் ஒரே தகப்பனார். இவர்களுக்குப் பிற வேண்டுதல்களும் இருந்திருக்க வேண்டும். அந்தத் தலைகளில் முடி வளர்ந்து நான் கண்டதில்லை. ஒவ்வொரு முறையும் நான் உண்மையைச் சொன்னேன்; ஒவ்வொரு முறையும் என் நன்னடத்தை ஒரு படி இறங்கியது. தகப்பனாரின் மதிப்போ ஏறிக்கொண்டே போயிற்று. இத்தனை பக்தியுள்ள மனிதருக்கு இப்படி ஒரு மகளா என்று வருந்தி, வார்டனம்மா அவருக்கு விடுதிச் சாப்பாடே போட ஆணையிட்டார். வந்தவர்கள் மூவரும் அதை மறுத்ததில்லை.

ஒருமுறை சித்தப்பா சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு என் பாடப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். நுண்கணிதம். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மிகுந்த கவலையுடன் என்னிடம் கேட்டார்: "இன்னா பாப்பா இது, பாதிக்கு மேல எழுத்தே இல்ல. இது தெரிஞ்சுதான் சர்க்கார் பணம் குடுத்துகினு கீதா?"

உண்மையான தகப்பனார்

இறுதியாண்டுக்குப் புதுப்பிக்கும் வேளை வந்தது. எல்லைத் தகராறு முற்றியிருந்ததால் அவ்வாண்டு ஒரு புதிய நிபந்தனை சேர்ந்தது: தகப்பனார் நேரில் வந்து, வார்டன் முன்னிலையில், தாம் இம்மாநிலத்தில் வசிப்பவர் என்று கையெழுத்திட வேண்டும். தாள் குறித்த நாளன்று காலை உதவித்தொகை அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். அதற்கு முந்தைய நாள் தகப்பனார் முதல் ரயிலில் ரேணிகுண்டா வழியாக வந்து சேர்ந்தார், சுருட்டை முடியோடும் மீசையோடும்.

வார்டனம்மா தாழ்வாரத்திலிருந்து பார்த்தார். அவர் இதுவரை காணாத தலை. "இவர்தான் என் தகப்பனார்" என்றேன். "போன மாசம் அப்பன இல்லேன்னே. இன்னிக்கு எவனையோ கூட்டிவந்து அப்பன்றே. நாளைக்கு யாரைச் சொல்லுவே? முனிசாமி, இவனை வெளியே அனுப்பு!" நன்னடத்தைச் சான்றும் எழுத முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்றாண்டுப் படிப்பு அந்த வாசற்படியில் முடிந்துவிட்டதென்றே நான் எண்ணினேன். தகப்பனார் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். மலைக்குப் போகும் பேருந்து எங்கே நிற்கும் என்று முனிசாமியிடம் கேட்டார்.

விளக்கேற்றும் வேளையில் திரும்பி வந்தார். முடி இல்லை, மீசை இல்லை. சந்தனம் மட்டும் பளபளத்தது. வார்டனம்மா முகம் மலர்ந்து, கோபமில்லாமலே தமிழுக்கு மாறி, "ரண்டி, வாங்க, வாங்க! காலைல ஒருத்தன் உங்க பேரைச் சொல்லிக்கினு வந்தான். துரத்திவிட்டேன்" என்றார். தகப்பனார் தலை வணங்கி, "நல்ல வேல பண்ணீங்கம்மா. அவன் மூஞ்சியே சரியில்ல" என்றார். தாளில் கையெழுத்தானது. நன்னடத்தைச் சான்றும், மகளுக்காக அல்ல, தகப்பனாருக்காகக் கிடைத்தது. வாசலில் அவர் வெறுந்தலையைத் தடவிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வேல முடிஞ்சாதான் கூலின்னு வச்சிருந்தேன். உங்க வார்டனம்மா முன்பணமா வாங்கிட்டாங்க. இனிமே நீ பாஸ் பண்ணாம ஊருக்கு வராதே."

எல்லைக் கோடு

சில மாதங்களில் எல்லை முடிவாயிற்று. எங்கள் ஊர் மதராசுக்குப் போகிறது என்றார்கள். உடனே எனக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு. தனியே போக அனுமதி இல்லாததால் வார்டனம்மாவும் உடன் வந்தார். எழுத்தர், "உங்க ஊரு மெட்ராஸ் போகுது. மெட்ராஸ் பெண்ணுக்கு நாங்க எதுக்குப் பணம் கொடுக்கணும்?" என்றார். கணிதம் படித்தவள் என்ற முறையில் நான் விளக்கினேன்: நானும் நகரவில்லை, ஊரும் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தக் கோட்டையே போய்க் கேளம்மா" என்றார்.

தகப்பனார் எங்கே வசிக்கிறார் என்று எழுத்தருக்கு மேலிருந்த அதிகாரி கேட்டார். நான் ஊரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். வார்டனம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தகப்பனாரை மறுத்துவந்த வாயை அவர் இன்னொரு முறை நம்பத் தயாராக இல்லை. அன்றுதான் முதன்முறையாக அவர் தெலுங்கில் கோபப்பட்டுக் கேட்டேன். அது தமிழில் எனக்குக் கிடைத்ததைவிட மும்மடங்கு நன்றாக இருந்தது. அதிகாரி எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்; கேட்டு முடித்ததும் இறுதியாண்டுத் தொகைக்கு அனுமதி எழுதினார். வார்டனம்மா சொன்னதன் கடைசி வரி இது: "ஊரு மெட்ராஸுக்குப் போகட்டும், டில்லிக்குப் போகட்டும், இவளுடைய நாயனா இந்தத் திருப்பதியை விட்டுப் போனதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை!"

அரசு விதிகள் ஒரு மாணவிக்கு ஒரு தகப்பனாரையே அனுமதித்தன. நான் முதல் வகுப்பில் தேறுவதற்கு நால்வர் தேவைப்பட்டனர், அவர்களில் ஐயத்துக்கு உள்ளானவர் உண்மையானவர் ஒருவரே.