துணிக்குள் கேட்ட இருமல்

ஈரத் தினையும் பறவை எச்சமும் பினைலும் கலந்த அந்த வாடை எங்கேயாவது மூக்கில் பட்டால், இத்தனை வயதுக்குப் பிறகும் என் கை தானாக ஒரு கறுப்புத் துணியைத் தேடுகிறது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட அப்பா நடத்திய பறவைக் கடையின் வாடை அது. முன்னால் கூண்டுகள், பின்னால் ஒற்றை அறையில் நாங்கள் மூன்று பேர்.

சுகாதாரப் பரிசோதகரை "பீ.எச்.ஐ. ஐயா" என்போம். அவர் பக்கத்துக் கடையில் ஏறியதுமே சேதி வந்துவிடும். சோர்ந்து கிடக்கும் பறவைகளைப் பின்னறைக்குத் தூக்கிப்போய்த் துணி போட்டு மூடுவது என் வேலை. இருட்டினால் பறவை வாயைத் திறக்காது என்று அப்பா நம்பியிருந்தார்.

அந்த வருடம் அப்பாவுக்கே இருமல். "தூசிதான், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லியே மெலிந்தார். விஷயம் தெரிந்தால் கடையை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. "கடைய வச்சிக்கிட்டு என்ன செய்யிறது, நீங்க போயிட்டா ஒங்கள எங்க தேடுறது" என்று அம்மா புலம்புவாள்.

ஒரு காலை ஐயா வந்தபோது, நாங்கள் ஆசையாக வளர்த்த கிளி இறகை உப்பிக்கொண்டு சோர்ந்திருந்தது. அதையும் மூடிவிட்டு வந்து நின்றேன். அப்பா இருமலை விழுங்கி விழுங்கி, கண்ணில் நீர் கோர்க்க, கூண்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது பின்னறையில் யாரோ இருமினார்கள். நீண்ட இருமல், முடிவில் "யம்மா" என்று ஒரு முனகல். அப்பாவின் குரலேதான். அப்பாவோ வாயை இறுக மூடியபடி என் முன்னால் நிற்கிறார்.

"உள்ளுக்கு யாருக்கு வருத்தம், இப்படி இருமுறது?" என்றார் ஐயா.

"யாருமில்லீங்க ஐயா."

அவர் உள்ளே போய்த் துணியை விலக்கினார். கிளி மறுபடி இருமியது. தினமும் இருட்டியதும் அதன் கூண்டை மூடி அப்பாவின் கட்டிலருகே வைப்போம். துணிக்குள் அது கேட்டுப் பழகியதெல்லாம் அந்த இருமல்தான். இரவுகளில் நாங்கள் கேட்டதில் எது அப்பா, எது கிளி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐயா கிளியை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். "கிளி இவ்வளவு சரியாப் பழகணும்ண்டா மாசக்கணக்கா கேட்டிருக்கணும். எத்தன மாசமா இருமுறீங்க?"

அப்பா கதிரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

கடை மூடப்பட்டது. பறவைகளிடமிருந்து தொற்றிய நோய் நெஞ்சில் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கை மீறியிருக்கும் என்றார் டாக்டர். அப்பா பிழைத்தார். கிளிக்கும் மிருக வைத்தியர் மருந்து கொடுத்தார். "அதுதான் என் தாலியக் காப்பாத்துச்சு" என்று அம்மா அதை யாருக்கும் கொடுக்க மறுத்து, மஹய்யாவவில் நாங்கள் குடிபோன வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அங்கே அப்பா இருமவே இல்லை. அவருடைய பழைய இருமல் மட்டும் துணிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

கடை இருந்த இடத்தில் இன்று போன் விற்கிறார்கள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கிழட்டுக் கிளி என்னோடு இருக்கிறது. மாலையில் துணியைப் போட்டுவிட்டு அப்பாவின் இருமலுக்காகக் காத்திருப்பேன். கேட்டால் மனது ஆறும். போன வாரத்திலிருந்து அது வருவதில்லை. துணிக்குள் வேறொரு இருமல் கேட்கிறது, வறண்டு, குட்டையாக, ஒரு பெண்ணின் இருமல். இந்த வீட்டில் நான் ஒருத்திதான். எத்தனை மாதமாக என்று யோசித்துப் பார்க்கிறேன், பதில் தெரியவில்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.