பேச்சாயிக்குக் கிடைத்த சீமைக் கத்தி

வரக்காப்பொலைக்கு மேலே இருந்த அந்த இறப்பர் தோட்டத்தில், பேச்சாயி பால் வெட்டிய மரம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். பட்டை அவ்வளவு வழவழப்பாக இருக்கும். கத்தி ஒரு நூல் ஆழம் கூடப் போனாலும் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், அதற்குப் பிறகு அங்கே பால் வராது. எட்டு வருஷத்தில் அவள் மரங்களில் காயம் பத்தைத் தாண்டவில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அவளுடைய கத்தி ஒன்றும் உசத்தியானதல்ல. பழைய வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டையை அடித்துக் கடைத்தெரு ஆசாரி செய்து கொடுத்தது. கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் ஏறிவிடும், முப்பது மரம் வெட்டினால் இறங்கியும் விடும். இருநூறு மரத்துக்குள் ஏழெட்டுத் தடவை உட்கார்ந்து தீட்டுவாள். அப்படியும் உச்சிப்பொழுதுக்குள் பாலை அளந்து ஊற்றிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுவாள்.

ஓடத்தான் வேண்டும். புருஷன் இருளாண்டி போன ஆடியில் பலா மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறான். தானாகப் புரண்டு படுக்க முடியாது. காலையில் வலப்பக்கம் படுக்க வைத்துவிட்டுப் போனால், அவள் வந்து திருப்பும்வரை அதே பக்கம்தான். முதுகில் ஒரு புண் வாய் திறந்திருந்தது. கூலிகளின் வரிசை வீடான லயத்தின் தகரக் கூரையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக விழும் வெளிச்சம் சுவரில் இறங்கித் தண்ணீர்க் குடத்தின் கழுத்துக்கு வரும்போது பேச்சாயி வருவாள் என்பது இருளாண்டியின் கடிகாரம். ஏதாவது தப்பு வந்து, பால் வெட்டிலிருந்து தூக்கிப் புல்லு வெட்டில் போட்டால் நாலு மணிவரை வேலை. அப்புறம் அந்தப் புண்ணை யார் பார்ப்பது?

அந்த வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில், தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு யோசனை வந்தது. துரைக்கு யோசனை வந்தால் மற்றவர்களுக்குத் தூக்கம் போகும். சீமையிலிருந்து ஆறு உருக்குக் கத்திகள் வரவழைத்தார். திங்கட்கிழமை விடிகாலை ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை நாகலிங்கம் நல்ல வெட்டுக்காரிகள் ஆறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இதக் காலையில இங்க பெரட்டுக் களத்துலதான் தீட்டணும். மலைக்குக் கல்லு கொண்டு போகக் கூடாது. எத்தன மரத்துக்குக் கூரு நிக்குதுன்னு தொரை பாக்கணுமாம். சனிக்கெழம வந்து பட்டையப் பாப்பாரு. காயம் இருந்துச்சு, திங்கக்கெழம புல்லு வெட்டுதான்."

புதுக் கத்தி லேசில் கல்லுக்கு மசியவில்லை. அரைமணி நேரம் தேய்த்தும் அது பாட்டுக்குச் சும்மா இருந்தது. "சனியன்" என்று பேச்சாயி வாய்க்குள் திட்டினாள். ஆனால் கூர் ஏறிய பிறகு பார்க்க வேண்டுமே. முதல் மரத்தில் சீவிய மாதிரியே இருநூறாவது மரத்திலும் சீவியது. திங்களும் செவ்வாயும் வெளிச்சம் குடத்துக்கு வருமுன்பே அவள் வீட்டில் இருந்தாள். இருளாண்டி சிரித்தான்.

புதன்கிழமை சாயந்தரம் கத்தியில் ஒட்டுப்பால் காய்ந்து கருப்பாகப் பிடித்திருந்தது. காய்ந்த இறப்பர் பால் கழுவினால் போகாது, சுரண்டினாலும் போகாது. தோட்டத்தில் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். அடுப்புத் தணலில் காட்டி எரித்து, சாம்பல் போட்டுத் துடைத்தாள். கத்தியில் மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம் ஓடியிருந்தது. அழகாய்த்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழன் காலை கத்தி கல்லில் பத்தே இழுப்பில் கூர் ஏறியது. இரும்பு பழகிவிட்டது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில், ஆறு பேரில் ஒருத்தியான சின்னம்மாவும் சீக்கிரமே தீட்டி முடித்து, முகத்தைக் கொடுக்காமல் எழுந்து போனாள்.

இருபத்தைந்தாவது மரத்தில் பட்டை நார் நாராகக் கிழிந்தது. நாற்பதாவது மரத்தில் அழுத்தி வெட்ட வேண்டி வந்தது. நாற்பத்துமூன்றில் கத்தி வழுக்கிக் கட்டையில் போய்க் கடித்தது. பேச்சாயி சேற்றைக் குழைத்துக் காயத்தில் அப்பினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மரத்தையும் மெல்ல மெல்லச் சீவினாள். வீடு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் குடத்தை விட்டு வாசல்படிக்குப் போயிருந்தது. இருளாண்டி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அன்று பிற்பகல் மாவனல்லையிலிருந்து வரும் வியாபாரி முக்தார் நானா, கத்தி, கல், ஊசி விற்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தார். அவள் முந்தானைக்குள் மறைத்துக் கத்தியைக் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நெருப்புல காட்டினியா புள்ள?"

"ஒட்டுப்பால எரிச்சேன் நானா. பழசையும் அப்படித்தானே எரிப்பேன்."

"பழசு வண்டிப் பட்ட. அதுக்கு நெருப்பும் ஒண்டுதான் தண்ணியும் ஒண்டுதான். இது உருக்கு புள்ள. நீலம் பூத்தா வைரம் போயிரும்."

"திரும்ப ஏத்த முடியாதுங்களா?"

"ஆசாரி காச்சித் தோய்ப்பான். வெடிச்சாலும் வெடிச்சிரும். வாணாம்." அவர் பெட்டியைக் கிளறி விரல் நீளத்தில் ஒரு கல்லை எடுத்தார். "இப்ப இது உன்ட பழைய கத்தி மாதிரித்தான். லேசாத் தீட்டலாம், கூரு நிக்காது. இத மடியில வெச்சுக்கோ. இந்தக் கெழம எனக்குக் கல்லுதான் நல்லாப் போகுது."

அந்தக் கடைசிப் பேச்சு அவள் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. துரையின் கத்தியைக் கெடுத்தவள், துரை சொல்லை மீறிக் கல்லை மடியில் கட்டியவள் என்று இரண்டு குற்றம் அவள் தலையில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஒவ்வொரு இருபது மரத்துக்கும் பற்றைப் புதருக்குப் பின்னால் குந்தித் தீட்டினாள். அடுத்த நிரையிலிருந்தும் சரக் சரக்கென்று ஏதோ கேட்டது. கணக்கப்பிள்ளையின் செருப்போ என்று உயிர் போய் உயிர் வந்தது.

சனிக்கிழமை பாதி மரம்தான் வெட்டு, வெயில் ஏறுமுன்பே பால் அளந்தாயிற்று. அதன் பிறகு துரை வந்தார். ஆறு பேரின் நிரையையும் நடந்து பார்த்தார். பேச்சாயியின் நாற்பத்துமூன்றாவது மரத்தில் சேறு காய்ந்து பட்டையின் நிறத்துக்கே வந்திருந்தது, தாண்டிப் போய்விட்டார். பிறகு திரும்பி வந்து, "நல்ல வெட்டு" என்றார். கணக்கப்பிள்ளையிடம் இங்கிலீசில் என்னவோ சொன்னார். நாகலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தொரைக்கு ரொம்பச் சந்தோசம். தீட்டுற நேரம் மிச்சமாம். எல்லாருக்கும் இந்தக் கத்தி வருது. இனி ஆளுக்கு இருநூத்தம்பது மரம்."

ஐம்பது மரம். பேச்சாயியின் மனக்கண்ணில் வெளிச்சம் குடத்தைத் தாண்டி, வாசல்படியைத் தாண்டி, வெளியே போயிற்று. தினம் தினம் போகும். பிடிபட்டால் புல்லு வெட்டு, பிடிபடாவிட்டால் இது. அவள் மடியை அவிழ்த்துக் கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இது கத்தி வெட்டுன வெட்டு இல்லீங்க. கல்லு வெட்டுனது. கத்திய நான் அடுப்புல காட்டிக் கெடுத்துட்டேன். இருபது மரத்துக்கு மேல அது நிக்காதுங்க."

நாகலிங்கத்தின் முகம் கருத்தது. அப்போது சின்னம்மா தலையைக் குனிந்தபடி முன்னால் வந்து, தன் மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே விரல் நீளக் கல். பின்னால் ஒருத்தி, இன்னொருத்தி. ஆறு கல்லும் வரிசையாகக் கிடந்தன. ஆறு கத்தியையும் துரை வாங்கிப் பார்த்தார். ஆறிலும் நீலம். மூன்று நாளாக ஆறு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி முகம் பார்க்காமல், தான் ஒருத்திதான் பாவி என்று செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

துரை ஏதோ கேட்டார். நாகலிங்கம் மெதுவாகப் பதில் சொல்லிவிட்டு, தமிழில் தனக்குத் தானே சொல்வதுபோல் முணுமுணுத்தார். "ஆறு பேரையும் புல்லுக்கு அனுப்பிட்டா, பால் நான் வெட்டுறதா?"

கத்திகள் பெட்டிக்குத் திரும்பிப் போயின. பழைய கத்தி, பழைய கணக்கு, இருநூறு மரம்.

பேச்சாயி மேட்டில் ஓடினாள். இருளாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "கத்தி என்னாச்சு?" என்றான்.

"குடுத்தாச்சு" என்று சொல்லி அவனை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வெளிச்சம் குடத்தின் கழுத்துக்கு இன்னும் ஒரு சாண் மேலே இருந்தது.