சாந்தாமணி டீச்சரின் 'பாக்கலாங்க'

சாந்தாமணி டீச்சருக்கு எல்லாம் வரும், 'முடியாது' மட்டும் வாயில் வராது. சூலூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறார். யார் எந்த வேலையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும் "செஞ்சுபோடலாங்க" என்று வாங்கிக்கொள்வார். அப்படி வாங்கிக்கொண்டதில் ஒன்றுதான் காலை பிரேயர். மைக் எப்போதோ ரிப்பேராகி மூலைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து மைதானத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தி, அத்தனை பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்துவது அவர் பாடு. கேட்டால் பழகிவிட்டது என்பார். அவருக்குப் பழகியிருக்கலாம், தொண்டைக்குப் பழகவில்லை.

போன வருஷம் ஜூலையில் குரல் போயே போய்விட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. குரல் நாணில் முடிச்சு விழுந்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார். மருந்தும் மௌனமுமாகக் கிடந்து, மழைக்காலம் முடிவதற்குள் எப்படியோ குரல் திரும்பியது. இந்தக் கோடை விடுமுறையில் மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மா கண்டிப்பாகவே பேசினார்.

"இன்னொரு தடவை கத்திக் கெடுத்துட்டீங்கன்னா, பழைய குரல் வரும்னு நான் சொல்லமாட்டேன். பிள்ளைங்க மேல வைக்கிற இரக்கத்துல கால்வாசி உங்க தொண்டை மேலயும் வைங்க டீச்சர்."

பாட்டை வாய்விட்டுப் பாட முடியாத தமிழ் டீச்சர் வகுப்பில் நின்று என்ன செய்வது? அந்தப் பயம் மே மாதம் முழுக்க அவரை விடவில்லை.

வீட்டுக்காரர் நஞ்சுண்டன் மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. "பிரேயர் முடியாதுன்னு சொல்லிப்போடு அம்மணி. அவ்வளவுதான."

"மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது? மரியாதையா இருக்காதுங்களே."

"எங்கிட்டச் சொல்லிப் பழகு. எனக்கு இன்னொரு காப்பி வேணும்."

"முடியாதுங்க," என்றார் டீச்சர். சொல்லிக்கொண்டே பாலை அடுப்பில் வைத்தார். நஞ்சுண்டன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் ஆசிரியர் கூட்டம். தலைமையாசிரியர் அப்துல் வஹீது திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரர். ஜனவரியில்தான் மாறுதலாகி வந்தார். தங்கமான மனுஷர், ஆனால் இந்த ஊர்ப் பேச்சு அவருக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டே வந்தவர், "பிரேயர் வழக்கம்போல சாந்தாமணி டீச்சர்தானே?" என்றார்.

ஒரு மாதமாகப் பழகிய வார்த்தை நாக்கு நுனி வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. "பாக்கலாங்க சார்," என்றுதான் டீச்சரால் சொல்ல முடிந்தது.

மற்ற ஆசிரியர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் 'பாக்கலாங்க' என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். ஜாதகத்தோடு வருகிற தரகரிடம் அதைச் சொன்னால், மறுபேச்சில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஆகாது என்பதை எதிராளி மனம் நோகாமல் சொல்லும் வழி அது. சாந்தாமணி டீச்சர் முதல்முறையாக ஒரு வேலையை மறுத்திருக்கிறார்.

வஹீது சாரோ, "ரொம்ப சந்தோஷம் டீச்சர்," என்று அடுத்ததற்குப் போய்விட்டார். அவரைத் திருத்த யாரும் வாய் திறக்கவில்லை. அங்கேயும் மரியாதைதான்.

சாயந்திரம் உக்கடம் போகிற பஸ்ஸில் டீச்சருக்கு அழுகை முட்டியது. யார்மேல் கோபப்படுவது? வஹீது சார் கேட்டார், இவர் மறுத்தார், அவர் சந்தோஷம் என்றார். மரியாதை மரியாதை என்று குரலையே தாரை வார்த்துவிடப் போகிறோம் என்று நினைத்தபோது, தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தவர், நேரே தலைமையாசிரியர் அறைக்குள் போனார்.

"சார், பிரேயர் என்னால முடியாதுங்க. தொண்டை தாங்காதுங்க. நேத்தே சொல்லிப்போட்டனுங்க."

"நேத்தா? எப்பம் சொன்னீங்க டீச்சர்?"

"பாக்கலாங்கன்னு சொன்னனுங்களே."

வஹீது சார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பம் பாக்கலாங்கன்னா இல்லைன்னு அர்த்தமா?"

"ஆமாங்க."

அவர் ஜன்னல் வழியே குழாயடியைக் கை காட்டினார். "கை கழுவுத குழாயை மாத்தணும்னு ஜனவரியில இருந்து ஒவ்வொருத்தர்கிட்டயா கேக்கேன். எல்லாரும் பாக்கலாங்கன்னாங்க. நானும் தினமும் போய்ப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு தொண்டைக்கு என்ன என்று விசாரித்தார். கேட்கக் கேட்க முகம் மாறியது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? பிரேயருக்கு நான் நிக்கேன். என் தொண்டை சும்மாதானே கிடக்கு."

இவ்வளவுதானா என்று இருந்தது டீச்சருக்கு. இத்தனை வருஷம் பயந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தானா?

அன்று பிரேயரில் அவர் மற்ற ஆசிரியர்களோடு வாயை மூடிக்கொண்டு நின்றார். வஹீது சார் திருநெல்வேலி ராகத்தில் போட்ட அதட்டலுக்குப் பிள்ளைகள் வாய்பொத்திச் சிரித்தார்கள், ஆனாலும் வரிசை நின்றது. டீச்சர் ஏழாம் வகுப்புக்குப் போய் முதல் பாட்டை மெதுவாகத்தான் பாடினார். கேட்பதற்காகக் கடைசி பெஞ்சு தானாக அடங்கியது. கத்தாமலேயே அடங்கும் என்று இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

மதியம் வராந்தாவில் தலைமையாசிரியர் எதிரே வந்தார். பழக்க தோஷம், சும்மா இருக்க முடியவில்லை. "டீச்சர், ஆகஸ்ட் பதினைந்துக்குப் பிள்ளைகளை மார்ச் பண்ணப் பழக்கணும். நீங்க…"

"பாக்கலாங்க சார்."

அவர் ஒரு விநாடி நின்றார். "சரி. அதையும் நானே பாக்கேன்."

சாந்தாமணி டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு எங்கும் உடையாமல் முழுசாக வந்தது.