தறி ஓடாத நாள்

யார் எப்போது படிப்பார்கள் என்று தெருத்தெருவாகக் கேட்டுவிட்டுத்தான் அலமாரியைத் தொட வேண்டும். சென்னையில் நான் படித்த பல்கலைக்கழக நூலகப் பள்ளியின் பழைய வழக்கம் அது. அறுபதுகளின் கடைசியில் பிள்ளையார்பாளையம் கிளை நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அப்படித்தான் அலைந்தேன். நூலகத்துக்கு வருவதாக ஒருவரும் சொல்லவில்லை. ஆள் வராவிட்டால் கிளையை மூடிவிடுவார்கள். கால் ஓய்ந்துபோய் ஒரு நெசவாளர் வீட்டில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தேன்.

தறி ஓடவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு இழைகளோடு புதுப் பாவு இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார் அந்த வீட்டம்மா. நூலகத்துக்கு வருவாரா என்று அவரிடமும் கேட்டேன்.

“எங்கேம்மா வர்றது? கை எப்பவும் வேலையா இருக்குது. இன்னிக்கு தறி சத்தம் இல்ல, காது சும்மாதான் இருக்குது. உன் பையில இருக்கிற புக்க நீயே படிம்மா.”

படித்தேன். தொண்டை வறண்டு நிறுத்தியதும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஏம்மா நிறுத்திட்ட?”

களைப்பு தீரவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுச் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்து, இன்னும் உரக்கப் படித்தேன்.